செம்மண்ணில் புதைத்த நாயின் எலும்பு எங்கே போயிற்று? கரிசலில் புதைத்தது அப்படியே இருக்கிறது

தும்பைப்பூ கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மண்ணைப் பற்றியும் எலும்பைப் பற்றியும் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பதில் சொல்லுங்கள், மூன்று நாளாக மனசு ஒரு நிலையில் இல்லை.

நான் சின்னவளாக இருந்தபோது எங்களிடம் இரண்டு நாய்கள் இருந்தன. இரண்டும் 1997-ல் சில மாத இடைவெளியில் இறந்துபோயின. பெரியதை நிலத்தின் தாழ்ந்த பக்கம் கரிசலில் அப்பா புதைத்தார். சின்னதை மேட்டில், செம்மண்ணும் சரளையும் கலந்த இடத்தில் ஒரு மரத்தடியில் புதைத்தார். இரண்டும் ஏறக்குறைய மூன்றடி ஆழம். இப்போது அந்த நிலத்தை விட்டு வேறு இடம் போகிறோம், போகும் முன் இரண்டையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று நானும் தம்பியும் தோண்டினோம்.

கரிசலில் இருந்தது கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது. மண்டை ஓடு, விலா, கால் எலும்பு எல்லாம் தெரிகிறது, நீளவாக்கில் வெடிப்பு விட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு முன்னங்கால் மட்டும் மற்ற எலும்புகளைவிட ஒரு சாண் மேலே கிடந்தது. பயந்துபோய் அதோடு நிறுத்தி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

மேட்டில் ஒன்றுமே இல்லை. ஒரு கை நீளத்துக்குக் கருப்பும் பழுப்புமாக ஒரு கறை, சுற்றிலும் நல்ல சிவப்பு மண். கறைக்குள் மெல்லிய வேர்கள் நிறைய. ஒரு ஓரத்தில் பத்துப் பதினொரு பற்கள். அவை மட்டும் புதுசு போல வெள்ளையாகப் பளபளக்கின்றன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை, நெல் உமி மாதிரி வெறும் தொப்பி. பக்கத்தில் ஈர பிஸ்கட் போல ஒரு துண்டு இருந்தது, தொட்டதும் மாவாகிவிட்டது.

ஒரே வருடம், ஒரே ஆழம், அப்புறம் எப்படி இப்படி? நரியோ வேறு நாயோ தோண்டி இழுத்துக்கொண்டு போயிருக்குமா? அன்றைக்கு நான் அழுதபோது அப்பா, "ஆழமாகத்தான் வைத்திருக்கிறேன், யாரும் தொட முடியாது" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை, கேட்க முடியாது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

---

மண்வாசி பதில்:

மண் பரிசோதனைக் கூடத்தில் 14 வருடமாக வேலை செய்கிறேன். நரி எடுத்துப் போயிருக்கும் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த எலும்பை மண்தான் கரைத்திருக்கிறது.

உலர்ந்த எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த அபடைட். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். இந்த அபடைட் நடுநிலையான மண்ணிலும் லேசான கார மண்ணிலும் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். மண் அமிலமாக ஆக அது கரையும் அளவு பல மடங்கு ஏறும். மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணைப் பிஎச் என்பார்கள், அது ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு என்று அர்த்தம், ஆகவே 8-க்கும் 5-க்கும் நடுவே இருப்பது மூன்று எண் வித்தியாசம் மட்டும் என்று பார்க்கக் கூடாது, ஆயிரம் மடங்கு.

உங்கள் நிலத்தின் அமைப்பே இதைச் சொல்கிறது. மேட்டில் செம்மண், தாழ்வில் கரிசல். வெப்பமண்டலத்தில் பல இடங்களில் பார்க்கிற வரிசை இது. மேட்டில் விழுகிற மழை சுண்ணாம்புச் சத்தையெல்லாம் கழுவிக் கீழே கொண்டுபோகிறது. மேலே மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும். கழுவிய சத்து தாழ்வில் தங்கிக் கரிசலில் சுக்கான் உருண்டைகளாக உறைகிறது. கரிசலைத் தோண்டியபோது சுண்டைக்காய் அளவில் வெள்ளை உருண்டைகள் வந்தனவா? அதில் ஒன்றை எடுத்துக் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரை பொங்கினால் சுண்ணாம்பு. அப்படிப்பட்ட மண்ணில் எலும்பு கரைய வேண்டிய அவசியமே இல்லை, மண் நீரில் ஏற்கெனவே கால்சியம் நிறைந்திருக்கிறது.

செம்மண்ணில் இன்னொன்றும் நடக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. எலும்பிலிருந்து கரைந்த பாஸ்பேட் சுற்றியுள்ள நீரில் தேங்கி நின்றால் ஒரு கட்டத்தில் கரைவது நின்றுவிடும், சர்க்கரை போட்டுக்கொண்டே போனால் ஒரு அளவுக்கு மேல் கரையாது இல்லையா, அது மாதிரி. ஆனால் செம்மண்ணின் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பாஸ்பேட்டைக் கண்டதும் பிடித்துக்கொள்ளும், விடாது. நீரில் பாஸ்பேட் சேரவே சேராது, எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். உரம் போடுகிறவர்களுக்கு இந்த மண் பாஸ்பரஸை விழுங்கும் என்பது நன்றாகத் தெரியும். உங்கள் குழியில் விழுங்கியது எலும்பின் பாஸ்பரஸை. சரளை கலந்த மண் என்பதால் நீர் நில்லாமல் இறங்கி ஒவ்வொரு மழைக்கும் புதுத் தண்ணீர் வந்திருக்கும்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். கறையிலிருந்து ஒரு பிடி, இரண்டு மீட்டர் தள்ளி அதே ஆழத்தில் ஒரு பிடி, தனித்தனிப் பையில் போட்டு எழுதி வைத்து ஏதாவது ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். பயிருக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ் மட்டும் பார்த்தால் போதாது, இரும்போடு ஒட்டியது அதில் சரியாகத் தெரியாது. மொத்த பாஸ்பரஸ் பார்க்கச் சொல்லுங்கள். கறையில் கூடுதலாக இருந்தால் அந்த உடல் அங்கேதான் கரைந்தது.

---

கூழாங்கல் பதில்:

குழியில் சுண்ணாம்பு போட்டார்களா? சுண்ணாம்பு போட்டால் எலும்பு சீக்கிரம் அரித்துப் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மேட்டுக் குழியில் மட்டும் போட்டிருக்கலாம்.

---

கன்றுக்குட்டி பதில்:

கூழாங்கல் அவர்களே, இது ரொம்பப் பேர் நம்புவது, ஆனால் நேர் எதிர். பன்றி உடல்களைச் சுண்ணாம்போடும் சுண்ணாம்பு இல்லாமலும் புதைத்துச் சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள், சுண்ணாம்பு போட்ட உடல்கள்தான் மெதுவாகச் சிதைந்தன. சுண்ணாம்பு அமிலத்தைத் தணிக்கும், ஈரத்தை இழுக்கும், நுண்ணுயிர்களை அடக்கும். நாற்றம் குறைவதால் உடல் சீக்கிரம் போய்விட்டது என்று தோன்றுகிறது. மேட்டுக் குழியில் சுண்ணாம்பு போட்டிருந்தால் இன்று கொஞ்சம் எலும்பாவது மிஞ்சியிருக்கும்.

தும்பைப்பூ, நான் கால்நடை மருத்துவர். உங்கள் பதிவில் என்னை நிறுத்தியது அந்தப் பல் தொப்பிகள்தான். ஒரு கேள்வி: அந்தச் சின்ன நாய் குட்டியா? நான்கு மாதம், ஐந்து மாதம் இருக்குமா?

ஏன் கேட்கிறேன் என்றால், நாய்க்குப் பால்பற்கள் 28, நிரந்தரப் பற்கள் 42. நிரந்தர முன்பற்கள் 3 முதல் 5 மாதத்துக்குள்ளும், கோரைப்பற்கள் 5 முதல் 7 மாதத்துக்குள்ளும் முளைக்கும். முளைப்பதற்கு முன்னாலேயே தாடை எலும்புக்குள் பல்லின் மேல்மூடி உருவாகிக் காத்திருக்கும், வேர் பிறகுதான் வளரும். அந்த வயதில் இறந்த குட்டியின் பல்லை எடுத்தால் வேர் இருக்காது. உள்ளே இருக்கிற டென்டின் மெல்லிசாக இருக்கும், அது எலும்பு மாதிரியே அமிலத்தில் போய்விடும். வெளியே இருக்கும் எனாமலில் மட்டும் 96 சதவீதம் தாதுப்பொருள், படிகங்களும் பெரியவை, நெருக்கமானவை, அதனால் கடைசிவரை நிற்கும். நீங்கள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தது அந்த எனாமல் தொப்பியைத்தான் என்று நினைக்கிறேன்.

குட்டி என்றால் எலும்பு மறைந்ததற்கும் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. வளர்கிற எலும்பில் நுண்துளைகள் அதிகம், சுவர் மெல்லிசு, முனைகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். வளர்ந்த நாயின் தொடை எலும்போடு அதை ஒப்பிடவே முடியாது. தண்ணீரும் நுண்ணுயிரும் புகுவதற்கு எத்தனையோ வாசல்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. நாய் புதைத்த இடத்தை இத்தனை வருடம் கழித்துத் தோண்டுவதில் பயப்பட ஒன்றுமில்லை, வெறிநோயில் இறந்திருந்தால்கூட அந்த வைரஸ் இவ்வளவு காலம் தாங்காது. கையுறை போட்டுக்கொண்டால் போதும். ஆனால் மாடோ ஆடோ திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருப்பு ரத்தம் வந்திருந்தால் அந்த இடத்தை எத்தனை வருடம் ஆனாலும் தோண்டாதீர்கள். அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், அதன் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும்.

---

தோண்டுகோல் பதில்:

அகழாய்வுக் குழிகளில் பல பருவம் எலும்பு எடுக்கிற வேலை பார்த்திருக்கிறேன். மண்வாசி சொன்னது சரி, ஆனால் அமிலம் மட்டும் முழுக்கதை இல்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலும்பில் புரதமும் தாதுவும் ஒன்றை ஒன்று காப்பாற்றிக்கொண்டு இருக்கின்றன. கொலாஜன் நார்களுக்கு நடுவே அபடைட் படிகங்கள் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருப்பதால், புரதத்தைச் செரிக்கும் நொதிகளுக்கு உள்ளே போக இடமே கிடையாது. அதே மாதிரி படிகங்களைக் கொலாஜன் போர்த்தியிருப்பதால் தண்ணீர் அவற்றை எளிதில் தொடாது. இரண்டில் எது முதலில் விட்டுக்கொடுத்தாலும் மற்றதும் கூடவே போகும். அமில மண்ணில் தாது முதலில் கரையும், உடனே பாக்டீரியா புரதத்தைத் தின்னும். சூடான மண்ணில் புரதம் தானாகவே நீரால் உடையும், அப்புறம் தாது தனியாக நிற்கும், எலும்பு சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். வெப்பமண்டலத்தில் இந்த இரண்டாவது வேலை வருடம் முழுக்க நடக்கிறது. குளிர்நாடுகளில் மண்ணுக்குக் குளிர்காலம் என்று ஒரு ஓய்வு உண்டு. இங்கே மூன்றடி ஆழத்தில் மண்ணின் சூடு வருடம் முழுக்கப் பெரிதாக மாறாது, எப்போதும் வெதுவெதுப்பு.

நுண்ணுயிர் அரிப்பைக் கண்ணாடிச் சில்லு மாதிரி மெல்லிசாக எலும்பை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் பார்க்கலாம். பூஞ்சை துளைத்த சுரங்கங்களை கார்ல் வெடல் என்பவர் 1864-லேயே விவரித்துவிட்டார், இன்றைக்கும் அவர் பெயரில்தான் அவற்றைச் சொல்கிறார்கள். பாக்டீரியா குடைந்த வகைகளை ஹேக்கெட் 1981-ல் பிரித்துக் காட்டினார். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் எலும்பு உள்ளே கடற்பஞ்சாக இருப்பதை முதல்முறை பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

வேர்கள். நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம், ஆனால் முக்கியம். பாஸ்பரஸ் குறைந்த செம்மண்ணில் மரத்துக்கு ஒரு எலும்பு கிடைத்தால் வேர்கள் தேடி வந்து அதைச் சுற்றிப் படர்ந்துகொள்ளும். வேர் நுனி விடுகிற அமிலங்கள் எலும்பின் மேல் கோலம் போட்ட மாதிரி வாய்க்கால் அரிக்கும். கறைக்குள் மட்டும் வேர் நெருக்கமாக இருந்தது என்றால் அந்த மரம் குட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம்.

இப்போது நரி கேள்வி. உங்களுக்கு உண்மையில் வேண்டிய பதில் இதுதான் என்று தோன்றுகிறது. மிருகம் தோண்டியிருந்தால் முதலில் குழியின் ஓரம் குழம்பும். மேல் மண்ணும் கீழ் மண்ணும் கலந்து, கறை தெளிவான ஓரத்தோடு ஒரே திட்டாக இருக்காது. தலையும் கால்களும்தான் முதலில் பிய்ந்து போகும். பற்கள் சிதறியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. நீங்கள் பற்கள் ஒரு ஓரத்தில் சேர்ந்து கிடந்தன என்கிறீர்கள். அவை எப்படிக் கிடந்தன? இரண்டு வரிசையாக, சின்ன வளைவாக இருந்தனவா, தாறுமாறாக இருந்தனவா? எடுக்காமல் விட்டது ஏதாவது இருந்தால் படம் எடுத்துப் பாருங்கள். வரிசை கலையவில்லை என்றால் தாடை அந்த இடத்திலேயே இருந்து, பற்களை அங்கேயே விட்டுவிட்டுக் கரைந்திருக்கிறது.

திறந்தவெளியில் கிடக்கும் எலும்பின் கதையே வேறு. கென்யாவின் அம்போசெலியில் கே பெரென்ஸ்மேயர் என்ற ஆய்வாளர் மேலே கிடந்த எலும்புகளைப் பார்த்து 1978-ல் 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரித்தார். வெயில் பட்டு வெடித்து, உரிந்து, சிம்பு சிம்பாக உதிர்கிற கடைசி நிலைக்கு 6 முதல் 15 வருடத்துக்குள்ளேயே போய்விடுகின்றன. புதைத்தது அந்த வெயிலிலிருந்து தப்பிக்கிறது, ஆனால் மண்ணின் ரசாயனத்திடம் மாட்டுகிறது. சுண்ணாம்புக் குகை மாதிரி நல்ல இடம் அமைந்தால் வெப்பமண்டலத்திலும் நிற்கும். இந்தோனேசியாவில் புளோரஸ் தீவின் லியாங் புவா குகையில் 2003-ல் எடுத்த குள்ள மனித எலும்புகள் 60,000 வருடத்துக்கும் பழையவை. கல்லாக மாறவே இல்லை, எடுக்கும்போது நனைந்த காகிதம் மாதிரி இருந்தனவாம், ஆனாலும் இருந்தன.

மேலே ஏறிக் கிடந்த முன்னங்கால் பற்றியும் பயப்பட வேண்டாம். கரிசல் கோடையில் வெடித்து மழையில் உப்பும். வெடிப்பு ஒரு மீட்டர் ஆழம்கூடப் போகும், மேல் மண் அதில் விழும், மழை வந்ததும் இடம் போதாமல் மண் ஒன்றை ஒன்று தள்ளும். கட்டியை உடைத்துப் பாருங்கள், சில முகங்கள் துடைத்து வைத்த மாதிரி வழவழப்பாக மினுங்கும், மண் மண்ணோடு உராய்ந்த தடம் அது. 28 வருட வெயிலும் மழையும் ஒரு காலை ஒரு சாண் தூக்கியது ஆச்சரியமே இல்லை. நீளவாக்கு வெடிப்பும் அதே இழுபறியில் வந்ததுதான்.

---

தும்பைப்பூ பதில்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கன்றுக்குட்டி டாக்டர், அம்மாவிடம் கேட்டேன். நான்கு மாதம் முடிந்து சில நாள் ஆகியிருந்ததாம். என் ஞாபகத்தில் அது வளர்ந்த நாயாக இருந்தது, நான் சின்னவளாக இருந்ததால் அப்படித் தெரிந்திருக்கும் போல. நீங்கள் பல்லை வைத்தே கண்டுபிடித்ததைச் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மண்வாசி அண்ணா, வெள்ளை உருண்டை நிறைய இருந்தது, வினிகர் விட்டதும் சர்ரென்று பொங்கியது. இரண்டு மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். பிஎச் மட்டும் அன்றே சொன்னார்கள்: கரிசல் 8.1, மேட்டு மண் 5.2. பாஸ்பரஸ் முடிவு வர நாளாகும்.

தோண்டுகோல் அண்ணா, தம்பி முதல் நாளே எடுத்த படம் ஒன்று கைபேசியில் இருந்தது, பெரிதாக்கிப் பார்த்தோம். பற்கள் இரண்டு வரிசை, ஒரு முனையில் நெருங்கி மறுமுனையில் விலகி இருக்கின்றன. கறையின் ஓரமும் கோடு போட்ட மாதிரி இருக்கிறது. அப்பா சொன்னபடியே யாரும் தொடவில்லை. இதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்.

இனி இரண்டு கேள்வி. கரிசலில் உள்ளதை உடையாமல் எப்படி எடுப்பது? மேட்டிலிருந்து எதை எடுத்துப் போவது?

---

தோண்டுகோல் பதில்:

அந்தப் படத்தைப் பத்திரமாக வையுங்கள்.

கரிசல் எலும்பை ஒவ்வொன்றாக இழுத்து எடுக்காதீர்கள், ஈரக் கரிசல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் முனை உள்ளேயே நின்றுவிடும். சுற்றிலும் நான்கு விரல் மண்ணோடு கட்டியாக வெட்டி, அடியில் ஒரு தகடையோ பலகையையோ நுழைத்து அப்படியே தூக்குங்கள். மண்டை ஓடு தனிக் கட்டி, இடுப்பு தனிக் கட்டி. வெயிலில் வைக்கவே கூடாது, ஒரு மணி நேரத்தில் வெடிப்பெல்லாம் வாய் திறந்துவிடும். நிழலில், காகிதம் போர்த்தி, இரண்டு மூன்று வாரம் மெதுவாகக் காய விடுங்கள். கரிசல் காய்ந்தால் சுருங்கி எலும்பை இழுக்கும், அதனால் பாதி காய்ந்து சீஸ் பதத்தில் இருக்கும்போதே மூங்கில் குச்சியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட வேண்டும், இரும்பு வேண்டாம். கழுவ வேண்டாம், ஒட்டியிருக்கும் சுண்ணாம்பை எடுக்க வினிகரோ எலுமிச்சையோ தொடவே வேண்டாம், அது எலும்பையும் சேர்த்துக் கரைக்கும். முழுக்கக் காய்ந்த பிறகும் உதிர்ந்தால் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்துத் தூரிகையால் தொட்டு வைப்பார்கள், அருங்காட்சியகங்களில் பயன்படுத்துவது அதுதான். வார்னிஷ் அடித்துவிடாதீர்கள்.

புது இடத்தில் திரும்பப் புதைப்பதாக இருந்தால் முதலில் அந்த மண்ணின் பிஎச் பாருங்கள். 7-க்குக் கீழே இருந்தால் எலும்பைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்கு நொறுக்கிய சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ கலந்த மண்ணைப் போடுங்கள், வருகிற அமிலம் அதில் செலவாகும். தண்ணீர் ஏறி இறங்குகிற இடமாக இருக்கக் கூடாது, மரத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

மேட்டிலிருந்து பற்களைப் பஞ்சு வைத்த ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், காய்ந்தால் எனாமல் சில்லு விடும், அதனால் மூடி வைத்து மெதுவாகவே காய விடுங்கள்.

---

மண்வாசி பதில்:

தோண்டுகோல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கறை மண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு சின்ன வாளி போதும். 5.2 பிஎச்சில் இருந்த செம்மண் என்றால் எலும்பிலிருந்து கரைந்த பாஸ்பேட் தூரமாகப் போயிருக்காது. இரும்பு அதைச் சில அங்குலத்துக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கும், மரம் எடுத்தது போக மீதி அந்தக் கருப்பு மண்ணில்தான் இருக்கிறது. கறையின் நடுவிலிருந்து எடுங்கள், ஓரத்தில் இல்லை.

---

தும்பைப்பூ பதில்:

நாளைக் காலை வெயில் ஏறும் முன் போகிறோம். தம்பி பலகை அறுத்துவிட்டான். வாளி என்னிடம் இருக்கிறது.